‘டிரையோ’வில் நான்காவது ஆள்: கிங் கிரிம்சனின் மேடைப் புனைவுகள் குறித்து

நிழல்வட்டு (இழையைத் தொடங்கியவர்)

புராக்ரெசிவ் ராக் என்றாலே, எழுதி வைத்துப் பல வாரம் பழகி மேடையேற்றப்பட்ட இருபது நிமிடப் பாடல்கள்தாம் பெரும்பாலோரின் நினைவுக்கு வருகின்றன. அதே வகை இசைக்குள், எந்தச் சுரத்தில் தொடங்குவது என்பதைக்கூட முன்கூட்டிப் பேசிக்கொள்ளாமல் வாசிக்கப்பட்டு, பின்னர் முறையான பாடல்களுக்கு நடுவே இசைத்தட்டில் இடம்பிடித்த துண்டுகளும் உண்டு. அவற்றுள் ஒன்றைப் பற்றிப் பேசுவதற்காகவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

1973 நவம்பர் 23 அன்று ஆம்ஸ்டர்டாமின் கான்செர்ட்கெபாவ் அரங்கில் இங்கிலாந்தின் ராக் குழுவான கிங் கிரிம்சன் வாசித்தது. ராபர்ட் ஃபிரிப் கிதாரும் மெல்லோட்ரான் என்ற கட்டை வாத்தியமும், டேவிட் கிராஸ் வயலின், ஜான் வெட்டன் பேஸ் கிதார், பில் புரூஃபோர்ட் டிரம்ஸ். அன்றிரவு ஒன்பது நிமிடங்களுக்கு மேல் நீண்ட ஒரு மேடைப் புனைவு (முன்திட்டமில்லாமல் மேடையிலேயே புனைந்து வாசிப்பது) முடிந்த பிறகு, கிராஸ் மிக மெல்லிய குரலில் வயலினைத் தொடங்குகிறார். வெட்டன் பேஸில் கீழ்ச்சுரங்களை ஒவ்வொன்றாக வைக்கிறார். ஃபிரிப் கிதாரைத் தொடாமல், மெல்லோட்ரானின் புல்லாங்குழல் ஒலியில் சேர்ந்துகொள்கிறார். ஐந்தரை நிமிடங்களுக்கு மேல் இது நடக்கிறது. புரூஃபோர்ட் குச்சிகளை மார்பின் குறுக்கே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஓர் அடிகூட அவர் அடிக்கவில்லை.

1974 மார்ச்சில் ‘ஸ்டார்லெஸ் அண்ட் பைபிள் பிளாக்’ தொகுப்பு வெளிவந்தபோது இந்தத் துண்டு ‘டிரையோ’ என்ற பெயரில் அதில் இருந்தது. டிரையோ என்றால் மூவர் என்று பொருள். ஆனால், இசையமைப்பாளர்களாகப் போடப்பட்ட பெயர்கள் நான்கு. சேராமல் இருந்ததே புரூஃபோர்டின் பங்களிப்பு, அந்த அடக்கம் பாராட்டத் தக்கது என்று குழு கருதியது. இதனை நகைச்சுவையாக எடுத்துக்கொள்வோர் உண்டு. நான் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. அந்தக் காலத்து ராக் டிரம்மர்களில் மிகவும் துறுதுறுப்பானவர் என்று பெயர் பெற்ற ஒருவர், பின்னால் வருவேன் என்ற சைகைகூடக் காட்டாமல் கடைசிவரை ஒதுங்கியிருந்தார் என்றால், அந்தத் துண்டின் வடிவத்தை முடிவு செய்தவர் அவரே என்பது என் கட்சி. அந்த நால்வர் அணியின் மேடைப் புனைவுகளில் எவை நின்றன, எவை வெறும் இரைச்சலாகப் போயின என்பதற்கான விடையும் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

மெல்லோட்ரானைப் பற்றியும் ஒரு சொல். அதன் ஒவ்வொரு கட்டைக்கும் கீழே ஒரு நாடாத் துண்டு உண்டு. கட்டையை அழுத்தினால் நாடா ஓடும். ஏறக்குறைய எட்டு வினாடிகளில் தீர்ந்துபோகும். விரலை எடுத்து நாடாவைப் பின்னுக்கு ஓடவிட்டே மறுபடியும் அழுத்த வேண்டும். ‘டிரையோ’வின் குழல் ஒலி மனிதர் ஒருவர் மூச்சு வாங்கி ஊதுவதைப் போல விட்டு விட்டு வருவதற்கு ஃபிரிப்பின் ரசனை ஒரு காரணம், அந்த எட்டு வினாடி இன்னொரு காரணம்.

கேசட்காரன்

நல்ல தொடக்கம். இந்தத் தொகுப்போடு எனக்கு ஒரு பழைய வழக்கு இருக்கிறது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், இசைத்தட்டிலிருந்து கேசட்டில் பதிந்து தரும் கடை ஒன்றில் இதனைப் பதியக் கொடுத்திருந்தேன். வீட்டில் போட்டுக் கேட்டபோது, முதல் பக்கத்தின் கடைசித் துண்டான ‘தி மின்சர்’ பாட்டின் நடுவில் கத்தரித்தாற்போல நின்றுவிட்டது. நாடா போதாமல் பாதியில் நிறுத்திவிட்டார்கள் என்று முடிவு செய்து, மறுநாள் கடைக்குச் சென்று அரை மணி நேரம் சண்டை போட்டேன். கடைக்காரர் பொறுமையாகத் தட்டையே ஓடவிட்டுக் காட்டினார். தட்டிலும் அப்படியேதான் இருந்தது. அன்று அவரிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை என்பது இப்போதும் உறுத்துகிறது.

செய்தி பின்னர்தான் தெரிந்தது. ‘தி மின்சர்’ 1973 நவம்பர் 15 அன்று சூரிச்சில் வாசிக்கப்பட்ட ஒரு நீண்ட மேடைப் புனைவிலிருந்து வெட்டி எடுக்கப்பட்ட பகுதி. அதன்மேல் வெட்டனின் குரலை ஸ்டுடியோவில் பின்னர் சேர்த்தார்கள். ‘வீ வில் லெட் யூ நோ’ கிளாஸ்கோவில் அதே ஆண்டு அக்டோபர் 23 அன்று பதிவானது. ‘டிரையோ’, தலைப்புத் துண்டு, ‘ஃபிராக்சர்’ மூன்றும் ஆம்ஸ்டர்டாம். அந்தத் தொகுப்பில் முழுக்க முழுக்க ஸ்டுடியோவில் பதிவானவை ‘தி கிரேட் டிசீவர்’, ‘லமென்ட்’ என்ற இரண்டே பாடல்கள். ஆனால் கைதட்டல்கள் அனைத்தும் துடைக்கப்பட்டிருந்ததால், என்னைப் போன்ற பலர் அதனை ஸ்டுடியோத் தொகுப்பு என்றே பல ஆண்டுகள் நம்பிக் கேட்டோம்.

என் கேள்வி இதுதான். அரங்கத்தை அழித்து, நீளத்தை வெட்டி, குரலை ஒட்டி, தலைப்பும் வைத்துவிட்ட பிறகு அதனை மேடைப் புனைவு என்று எப்படிச் சொல்வது? புரூஃபோர்டுக்குப் பெயர் போடலாம் என்றால், எந்த ஐந்து நிமிடம் தட்டுக்குப் போக வேண்டும் என்று முடிவு செய்து கத்தரியை எடுத்தவருக்கும் பெயர் போட வேண்டாமா?

தாளக்கட்டு

நான் மிருதங்கம் கற்றவன். ராக் இசை எனக்குப் பின்னால் வந்த பழக்கம். ஆகவே இதனை என் பக்கத்திலிருந்து பார்க்கிறேன்.

இதைப் படித்ததும் நமக்கு மனோதர்மம் என்ற சொல் நினைவுக்கு வருவது இயல்பு. ஆயினும் அந்த ஒப்புமை பாதி தூரம்தான் வரும். கச்சேரியில் கற்பனைஸ்வரம் பாடும்போது ராகம் முடிவானது, தாளம் முடிவானது, எந்த வரியில் எந்த இடத்துக்கு வந்து சேர வேண்டும் என்பதும் முடிவானது. அந்த வேலிகளுக்குள்தான் சுதந்திரம். கிரிம்சன் மேடையில் அந்த இரவுகளில் இவற்றில் எதுவுமே முடிவாகியிருக்கவில்லை. ஸ்ருதி ஆதாரம்கூட அவர்களில் யாராவது ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றால்தான் உண்டு. ‘டிரையோ’வில் அந்த வேலையை வெட்டனின் பேஸ் செய்கிறது.

இன்னொரு வேறுபாடு எனக்கு முக்கியமாகப் படுகிறது. பாடகர் ராக ஆலாபனை செய்யும்போது மிருதங்கக்காரர் கைகட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பெரிய ஆலாபனை என்றால் இருபது நிமிடம்கூட அப்படி இருக்க நேரும். யாரும் அவரை ஆலாபனையின் இணை இசையமைப்பாளர் என்று சொல்வதில்லை, ஏனென்றால் அது மரபு. அவர் சும்மா இருப்பது அவருடைய முடிவன்று. புரூஃபோர்டுக்கு அப்படி ஒரு மரபு கிடையாது. டிரம்ஸ் இல்லாத ராக் மேடை என்பதே கேட்பவர்களுக்குக் குறையாகத் தெரியும். ஆறாவது வினாடியிலும் நுழையலாம், அறுபதாவது வினாடியிலும் நுழையலாம் என்ற நிலையில் ஒவ்வொரு கணமும் அவர் ‘இப்போது வேண்டாம்’ என்று முடிவெடுத்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. அந்த வகையில் நிழல்வட்டு ஐயா சொல்வதை ஏற்கிறேன்: எங்கள் மிருதங்கக்காரர் சும்மா இருப்பது ஓய்வு, அவர் சும்மா இருந்தது உழைப்பு.

நிழல்வட்டு

தாளக்கட்டு அவர்களே, உங்கள் கடைசி வாக்கியத்தை நான் எழுதியிருக்கக் கூடாதா என்று பொறாமையாக இருக்கிறது.

அந்த உழைப்பை புரூஃபோர்ட் எங்கே கற்றார் என்பதுதான் அடுத்த கேள்வி. யெஸ் குழுவில் இருந்தவரை அவர் வாசித்தவை அளந்து செய்யப்பட்டவை. அவர்களுடைய ‘குளோஸ் டு தி எட்ஜ்’ தொகுப்பின் பதிவு முடிந்த கையோடு, 1972 கோடையில் கிரிம்சனுக்கு வந்தார். அங்கே அவருக்கு அருகில் இன்னொரு தாளக்காரர் உட்கார வைக்கப்பட்டார்: ஜேமி மியூர். டெரெக் பெய்லி, இவான் பார்க்கர் ஆகியோரோடு ‘மியூசிக் இம்ப்ரொவைசேஷன் கம்பெனி’யில் வாசித்து வந்தவர், அதாவது, முன்திட்டமே இல்லாமல் வாசிப்பதை முழுநேரப் பழக்கமாகக் கொண்டிருந்த உலகத்திலிருந்து வந்தவர். அவருடைய மேடைப் பகுதியைப் பழைய இரும்புக் கடை என்றே சொல்லலாம். சங்கிலிகள், தகரத் தகடுகள், மணிகள், விளையாட்டுச் சாமான்கள், கட்டைவிரலால் மீட்டும் ஆப்பிரிக்க வாத்தியமான எம்பிரா. ரோமத் தோலாடை அணிந்து, வாயில் செயற்கை இரத்தக் குப்பியைக் கடித்து வழியவிட்டபடி மேடையில் திரிவார் என்பதும் எல்லாருக்கும் தெரிந்த செய்திதான்.

வேடிக்கை அத்துடன் நிற்கட்டும். 1972 அக்டோபரில் ஜெர்மனியின் பிரேமன் நகரத்தில் ‘பீட் கிளப்’ நிகழ்ச்சிக்காக எடுத்த காட்சிகளைப் பார்த்தால், மியூர் எப்போதும் அடித்துக்கொண்டே இருக்கவில்லை என்பது புரியும். ஒரு தகட்டை உரசிவிட்டு, அதன் அதிர்வு முழுவதுமாக அடங்கும்வரை காத்திருக்கிறார். புரூஃபோர்ட் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே வாசிக்கிறார். இசைக்காகவே இசைஞன் இருக்கிறான், இசைஞனுக்காக இசை இல்லை என்ற பாடத்தை மியூரிடம்தான் கற்றேன் என்ற பொருளில் புரூஃபோர்ட் பின்னாளில் பேசியிருக்கிறார்.

மியூர் நீடிக்கவில்லை. கிரிம்சனின் ‘லார்க்ஸ் டங்ஸ் இன் ஆஸ்பிக்’ தொகுப்பு 1973 மார்ச்சில் வெளிவருவதற்கு முன்பே, பிப்ரவரியில் விலகினார். மேடையில் காயம் பட்டது என்று அப்போது அறிவித்தார்கள். உண்மையில் அவர் ஸ்காட்லாந்தின் சாம்யே லிங் பௌத்த மடத்துக்குச் சென்றுவிட்டார். 2025 பிப்ரவரியில் காலமானார். ‘டிரையோ’ பதிவானபோது அவர் அணியை விட்டுப் போய் ஒன்பது மாதங்கள் ஆகியிருந்தன. ஆனாலும் அந்தத் துண்டைக் கேட்கும்போது, அங்கே இல்லாத மியூரும் ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பதாகவே எனக்குத் தோன்றும்.

வடக்குவாசல்

நண்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இந்த ஊர்வலத்தில் நான் சேர்வதாக இல்லை.

‘டிரையோ’ அழகானது, மறுக்கவில்லை. ஆனால் நூற்றில் ஒன்று நன்றாக அமைந்ததைக் காட்டி மீதித் தொண்ணூற்றொன்பதையும் நியாயப்படுத்துவது இந்த வகை ரசிகர்களுக்கே உரிய பழக்கம். முதல் தொகுப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். 1969-இல் வந்த ‘மூன்சைல்ட்’ பன்னிரண்டு நிமிடங்களுக்கு ஓடுகிறது. அதில் பாட்டு என்று இருப்பது இரண்டரை நிமிடம்தான். மீதி முழுவதும் ஃபிரிப்பின் கிதாரும், இயன் மெக்டொனால்டின் வைபிரபோனும், மைக்கேல் கைல்ஸின் டிரம்ஸும் இருட்டில் ஒருவரையொருவர் தடவித் தேடிக்கொண்டிருப்பதுதான். நடுவில் ஃபிரிப் ‘ஓக்லஹோமா’ இசைநாடகத்துப் பாட்டு ஒன்றின் மெட்டைக் கொஞ்சம் வாசித்துக் காட்டுவார். கையில் என்ன இருக்கிறது என்று பாக்கெட்டைத் துழாவுகிறவரைப் போல. தட்டின் நீளத்தை நிரப்பச் செய்தார்கள் என்றே எனக்கு எப்போதும் தோன்றியிருக்கிறது.

இதை நான் மட்டும் சொல்லவில்லை. 2009-இல் நாற்பதாம் ஆண்டுப் பதிப்புக்காக ஃபிரிப், இசைஞர் ஸ்டீவன் வில்சனோடு சேர்ந்து மறுகலவை செய்தபோது, அதே துண்டிலிருந்து ஏறத்தாழ மூன்று நிமிடங்களை வெட்டிவிட்டுத்தான் முதன்மை வரிசையில் வைத்தார்கள். முழு வடிவத்தை இணைப்பாகப் பின்னால் சேர்த்தார்கள். ஃபிரிப்புக்கே அது நீளம் என்று பட்டிருக்கிறது!

அடக்கம் அடக்கம் என்கிறீர்கள். ‘மூன்சைல்ட்’ துண்டில் மூவருமே அடக்கமாகத்தான் வாசிக்கிறார்கள். எல்லாரும் அடங்கியிருந்தால் இசை எங்கிருந்து வரும்?

பனிக்கூழ்

நான் இந்தக் குழுவை இப்போதுதான் கேட்கத் தொடங்கியிருக்கிறேன். ‘ரெட்’ தொகுப்பு மட்டும் தெரியும். நிழல்வட்டு அண்ணா, ‘டிரையோ’வை மட்டும் தனியாகக் கேட்பதா, தொகுப்பை முதலிலிருந்து கேட்பதா? பெரிய பெட்டித் தொகுப்புகளைப் பார்த்தால் பயமாக இருக்கிறது.

நிழல்வட்டு

தம்பி, 2014-இல் வந்த ‘ஸ்டார்லெஸ்’ பெட்டியில் இருபத்தேழு தட்டுகள். அதன் பக்கம் இப்போது போகவே வேண்டாம். 1997-இல் வெளியான ‘தி நைட் வாட்ச்’ இரட்டைத் தட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஆம்ஸ்டர்டாம் கச்சேரி அதில் கைதட்டலோடு இருக்கிறது. இரண்டாம் தட்டின் முதல் இரண்டு துண்டுகளையும் இடைவெளி விடாமல் ஒன்றாகக் கேளுங்கள். முதல் ஒன்பது நிமிட முரட்டு வாசிப்பைக் கேட்காமல் ‘டிரையோ’வுக்குப் போனால், அந்த அமைதி எதிலிருந்து பிறந்தது என்பது தெரியாமல் போய்விடும். 1974-இன் தட்டில் இவ்விரண்டையும் பிரித்து, ‘டிரையோ’வை முதல் பக்கத்திலும் மற்றதை, அதாவது தலைப்புத் துண்டை, இரண்டாம் பக்கத்திலும் வைத்துவிட்டார்கள். எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

கேசட்காரன்

வடக்குவாசல் அவர்களின் மூன்று நிமிட வெட்டு என் கேள்விக்கே திரும்புகிறது. நான் முதலில் கத்தரியைக் குற்றம்போலப் பேசினேன். எழுதிய பிறகு யோசித்ததில் அந்த எண்ணம் மாறியிருக்கிறது.

அக்காலத்தில் நல்ல பதிவுகளில் பாதி கத்தரிக்கோலால் ஆனவை. ஜெர்மனியில் கேன் குழு மணிக்கணக்கில் வாசித்துக்கொண்டே போகும். அதன் பேஸ் கிதார்காரர் ஹோல்கர் சுக்காய் அந்த நாடாக்களை வெட்டி ஒட்டித்தான் 1971-இன் ‘டாகோ மாகோ’வை உருவாக்கினார். சுக்காய், இசையமைப்பாளர் ஸ்டாக்ஹவுசனின் மாணவர் என்பதால் நாடாவை வெட்டுவதும் அவருக்கு இசையமைப்புதான். ஜாஸ் பக்கம் மைல்ஸ் டேவிஸின் ‘பிட்சஸ் புரூ’ தொகுப்பில் தயாரிப்பாளர் டியோ மாசெரோ செய்ததும் இதுவே. இங்கிலாந்தில் ஹென்றி கவ் குழுவின் ‘அன்ரெஸ்ட்’ இன்னும் சுவையான கதை. 1974-இன் தொடக்கத்தில் மேனர் ஸ்டுடியோவுக்குள் நுழைந்தபோது அவர்களிடம் ஒரு முழுத் தட்டுக்கு வேண்டிய எழுதிய இசை இல்லை. எனவே இரண்டாம் பக்கத்துக்காக ஸ்டுடியோவிலேயே புனைந்து வாசித்து, அதனை நாடா வளையங்களாக்கி, வேகத்தை மாற்றி, அதன்மேல் மறுபடியும் எழுதினார்கள். எங்கே கை முடிந்தது, எங்கே கத்தரி தொடங்கியது என்று பிரிக்கவே முடியாது.

இவற்றோடு வைத்துப் பார்த்தால் கிரிம்சனின் கத்தரி கூச்சமுள்ள கத்தரி. அவர்கள் உள்ளே புகுந்து வரிசையை மாற்றவில்லை. முன்னும் பின்னும் நறுக்கினார்கள், அவ்வளவுதான். 1992-இல் வந்த ‘தி கிரேட் டிசீவர்’ பெட்டியில் சூரிச் இரவின் புனைவு இரண்டு பாகங்களாக இருக்கிறது. அதனைக் கேட்ட அன்றுதான், ‘தி மின்சர்’ ஏன் அப்படி வெட்டுப்பட்டு நிற்கிறது என்ற என் பழைய எரிச்சல் தணிந்தது. ஓடிக்கொண்டிருந்த ஒன்றின் நடுவிலிருந்து எடுத்த துண்டு அது. முடிவு என்று ஒன்றை ஒட்டவைத்திருந்தால் அது பொய்யாகியிருக்கும். ஆனால் கைதட்டலைத் துடைத்ததை மட்டும் நான் இன்னும் மன்னிக்கவில்லை. ‘டிரையோ’ முடிந்ததும் அந்த அரங்கம் எப்படி மூச்சுவிட்டது என்பதைக் கேட்க, தட்டு வந்து இருபத்து மூன்று ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

நிழல்வட்டு

வடக்குவாசலின் கேள்வி நேர்மையானது: எல்லாரும் அடங்கினால் இசை எங்கிருந்து வரும்? ‘மூன்சைல்ட்’ விஷயத்தில் உங்களோடு ஓரளவு உடன்படுகிறேன். அங்கே மூவரும் ஒரே அளவில் ஒதுங்குகிறார்கள். ஒருவர் ஒதுங்கி இன்னொருவருக்கு இடம் கொடுப்பது நடக்கவில்லை. ‘டிரையோ’வில் ஒருவர் முழுவதுமாக விலகியதால், வயலினுக்கு ஓர் அறையே கிடைத்துவிட்டது. நான் அடக்கம் என்று சொன்னது சத்தத்தைக் குறைப்பதை அன்று, இடத்தை விடுவதை.

இதற்கு மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 1974-க்குள் வெட்டனும் புரூஃபோர்டும் சேர்ந்து எழுப்பிய ஒலி மிகவும் பெரிதாகிவிட்டது. அவர்களைப் பறக்கும் செங்கல் சுவர் என்று ஃபிரிப்பே வருணித்தார். கிதார் ஒலிபெருக்கியைக் கூட்டிக்கொண்டு ஃபிரிப் ஈடுகொடுத்தார். வயலினால் அது முடியவில்லை. கிராஸ் மேலும் மேலும் மின்பியானோ, மெல்லோட்ரான் பக்கம் நகர்ந்தார். அந்த ஆண்டு அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் பதிவான ‘யு.எஸ்.ஏ.’ தொகுப்பு 1975-இல் வந்தபோது, அதில் சில பாடல்களின் வயலினையும் பியானோவையும் எடி ஜாப்சன் ஸ்டுடியோவில் வாசித்துச் சேர்த்திருந்தார். மேடையில் இருந்த ஒருவரின் வாத்தியத்தை, மேடையில் இல்லாத இன்னொருவர் வாசிக்கும் நிலை வந்துவிட்டது.

அந்தப் பயணத்தின் கடைசிக்கு முந்தைய இரவு, 1974 ஜூன் 30, ரோட் ஐலண்டின் பிராவிடன்ஸ் நகரத்துப் பேலஸ் அரங்கு. அன்று பதிவான புனைவுதான் ஊரின் பெயரையே சூடிக்கொண்டு ‘ரெட்’ தொகுப்பில் இருக்கிறது. தொடக்கத்தில் கிராஸின் வயலின் ஏறக்குறையத் தனியாக நிற்கிறது. ‘டிரையோ’வில் கேட்ட அதே கைதான், ஆனால் இப்போது அதில் ஒரு பதற்றம். சுற்றிலும் மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கூடுகிறார்கள். பேஸ் உறுமத் தொடங்குகிறது, டிரம்ஸ் உள்ளே வருகிறது, கிதார் கத்துகிறது. பாதிக்குமேல் வயலினைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். மறுநாள் நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கில் வாசித்ததோடு அந்த அணியின் மேடை வாழ்க்கை முடிந்தது. ‘ரெட்’ பதிவுக்கு கிராஸ் அணியில் இல்லை. செப்டம்பர் இறுதியில் ஃபிரிப் குழுவையே கலைத்துவிட்டார். அக்டோபரில் தட்டு வந்தது.

‘ரெட்’ அட்டையை எடுத்துப் பாருங்கள். வெட்டன், புரூஃபோர்ட், ஃபிரிப் என்று மூன்று முகங்கள். ‘டிரையோ’வில் மூவர் வாசித்தார்கள், நால்வருக்குப் பெயர் கிடைத்தது. ‘பிராவிடன்ஸ்’ துண்டில் நால்வர் வாசித்தார்கள், அட்டையில் இருப்பவர் மூவர். இரண்டுக்கும் இடையே ஏழு மாதங்கள்தாம்.

வடக்குவாசல்

கடைசிப் பத்தி மிக நேர்த்தியாக இருப்பதாலேயே எனக்குச் சந்தேகம் வருகிறது. அட்டைப்படம் எடுத்தபோது அணியில் மூவர்தான் இருந்தார்கள். மூன்று முகங்களைப் போட்டார்கள். கிராஸின் பெயரும் உள்ளே இருக்கிறதே.

அதைவிட முக்கியமான ஒன்று. ‘பிராவிடன்ஸ்’ தோல்வி என்ற தொனியில் எழுதியிருக்கிறீர்கள். நான் இந்த வகைத் துண்டுகளில் மனமாரக் கேட்பது அதனை மட்டும்தான். வயலின் மூழ்கிப்போவதுதான் அதன் கதையே. ஓர் ஆள் பேசத் தொடங்குகிறான், கூட்டம் அவனைச் சூழ்ந்து விழுங்குகிறது. எட்டு நிமிடத்தில் ஒரு நாடகம் நடந்து முடிகிறது. புரூஃபோர்ட் அங்கேயும் குச்சிகளைக் குறுக்கே வைத்துக்கொண்டு மரியாதையாக உட்கார்ந்திருந்தால் இன்னொரு ‘டிரையோ’ கிடைத்திருக்கும். இரண்டாவது ‘டிரையோ’ யாருக்கு வேண்டும்? இடம் விடுவது ஒரு நல்ல முடிவு என்றால், விடாமல் முட்டுவதும் நல்ல முடிவாக இருக்கலாம். அதுவும் அந்தக் கணத்தில், எழுத்தில்லாமல் எடுத்த முடிவுதான்.

தட்டுக்காக ‘பிராவிடன்ஸ்’ துண்டையும் கொஞ்சம் குறைத்துத்தான் வைத்தார்கள் என்பதைக் கேசட்காரன் அவர்களுக்கு நினைவூட்டுகிறேன். முழு வடிவம் நீங்கள் சொன்ன 1992 பெட்டியிலேயே இருக்கிறது. இரண்டையும் கேட்ட பிறகும் எனக்குக் குறைத்த வடிவம்தான் பிடிக்கிறது.

நிழல்வட்டு

அட்டையைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. அதைச் சான்றாக வைத்திருக்கக் கூடாது. தோல்வி என்று நான் எழுதவில்லை, ஆனால் அப்படி ஒலித்திருக்கிறது என்பதை இப்போது திரும்பப் படிக்கும்போது உணர்கிறேன். ‘பிராவிடன்ஸ்’ வலிமையானதுதான். அதனைக் கேட்கும்போது கிராஸுக்காக எனக்கு மனம் நோகிறது, உங்களுக்கு நோகவில்லை. அங்கே நாம் இருவரும் பிரிந்துவிடுகிறோம்.

பனிக்கூழ்

அண்ணா, நீங்கள் சொன்னபடியே ‘தி நைட் வாட்ச்’ இரண்டாம் தட்டை நேற்று இரவு கேட்டேன். உண்மையைச் சொன்னால் முதல் ஒன்பது நிமிடம் பெரிதாக ஒட்டவில்லை. ‘டிரையோ’ தொடங்கி இரண்டு நிமிடம் வரை, இது எழுதி வைத்து வாசித்த துண்டு என்றுதான் நினைத்தேன். பிறகு ஓரிடத்தில் வயலின் ஒரு சுரத்தில் தயங்கி நிற்க, குழல் ஒலி அதைத் தேடிக்கொண்டு போவதுபோல இருந்தது. அப்போதுதான் இருவருக்குமே அடுத்தது தெரியாது என்பது புரிந்தது. ஒரே ஒரு கேள்வி. டிரம்ஸ் வந்திருந்தால் எந்த இடத்தில் வந்திருக்கும்? எனக்கு எந்த இடமும் காலியாகத் தெரியவில்லை.

தாளக்கட்டு

அந்தக் கேள்வி என்னையும் விடவில்லை. ஆகவே இன்று காலை ஒரு கிறுக்குத்தனம் செய்தேன். மிருதங்கத்தை ஸ்ருதி சேர்த்து வைத்துக்கொண்டு, ‘டிரையோ’வை ஓடவிட்டுக் கூடவே வாசித்துப் பார்த்தேன். முதல் முறை நான்காம் நிமிடம் வரை காத்திருந்து, தொப்பியில் மட்டும் மெதுவாக ஓர் அடி வைத்தேன். அந்த ஓர் அடி விழுந்த உடனே வெட்டனின் பேஸ் சுரங்கள் எல்லாம் என் காதில் எண்ணிக்கையாகிவிட்டன. அதுவரை மிதந்துகொண்டிருந்தவை, ஒன்று, இரண்டு என்று வரிசையில் வந்து நின்றுகொண்டன. இரண்டாம் முறை தாளமே இல்லாமல் வெறும் நாதமாகச் சாப்பு மட்டும் வாசித்தேன். அப்போது குழல் ஒலி போன இடம் தெரியவில்லை. மெல்லோட்ரானின் அந்த ஓசை அவ்வளவு மெலிந்தது. மூன்றாம் முறை கையை மடியில் வைத்துக்கொண்டு முழுவதையும் கேட்டேன். ஐந்தரை நிமிடம் சும்மா இருப்பதற்குள் தோள்பட்டை வலித்துவிட்டது.

வடக்குவாசல்

அப்படியானால் அந்தத் துண்டுக்கு இப்போது இசையமைப்பாளர்கள் ஐவர்.